சிபாப் மெசின்: ஈரமூட்டி உள்ளதை எடுக்கவா?

பரந்தனிலிருந்து கேட்கிறேன். அப்பாவின் குறட்டை வேலி தாண்டிக் கேட்கும். நித்திரையில் மூச்சுத் தடைப்படுகிறது என்று, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் மெசினை எழுதித் தந்தார்கள். வாடகைக்கு எடுத்த மெசினில், அந்தக் காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டி, அதாவது ஈரமூட்டி, இல்லை. இந்த ஆடிக் காற்றுக்கு மூன்றாம் இரவே மூக்கு காய்ந்து எரிந்தது. "உழவு மெசின் சைலன்சரை மூக்கில பூட்டின மாதிரிக் கிடக்கு" என்று கழற்றி வைத்துவிட்டார். சூடாக்கும் ஈரமூட்டிக்குக் கூடக் காசு கேட்கிறார்கள். தேவையா?

மாங்குளம்: எடுங்கோ தங்கச்சி. ஆனால் கிணற்றுத் தண்ணீர் விட வேண்டாம். கேத்தில் அடியில் படியும் அந்த வெள்ளை தொட்டியிலும் ஒட்டும், காய்ச்சினாலும் போகாது. காய்ச்சி வடித்த தண்ணீர்தான் சரி, அதுவும் பார்மசியில். பற்றரித் தண்ணீர் வேண்டாம். தினமும் மிச்சத்தை ஊற்றிவிட்டுத் தொட்டியைக் கழுவிக் காயவிடுங்கோ. மார்கழிக் குளிரில் எனக்குக் குழாய்க்குள் தண்ணீர் கோர்த்து நடுச்சாமத்தில் மூஞ்சியில் தெளித்தது! சூட்டைக் குறைத்து, மெசினைக் கட்டிலை விடத் தாழ்வான ஸ்டூலில் வைத்தபிறகு நின்றது. சூடாகும் குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது.

முள்ளியவளை: வாய் திறந்தா படுக்கிறார்? மூக்கு மாஸ்க் போட்டு வாயால் காற்றுப் போனால் எந்த ஈரமூட்டியும் காணாது. முதலில் மாஸ்கைப் பாருங்கள். அப்புறம், கரண்ட் போய்ப் பற்றரியில் ஓட்டும்போது சூட்டை நிறுத்துங்கள். அதுதான் கூடக் குடிக்கும்.

பரந்தன்: இப்பதான் எட்டிப் பார்த்தேன் அண்ணை. வாய் ஆவெண்டு திறந்துதான் கிடக்கு.