பதினொரு மாதக் குழந்தை, பாதியில் நின்ற தடுப்பூசி அட்டை, இலேசான சளி: ஒரே நாளில் எல்லாவற்றையும் போடலாமா?

கேள்வி: புதிய கிராமச் செவிலியர்

அனைவருக்கும் வணக்கம். கிராம சுகாதார செவிலியராகப் பணியில் சேர்ந்து எனக்குச் சில மாதங்களே ஆகின்றன. நாளை மறுநாள் புதன்கிழமை எங்கள் துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி முகாம் இருப்பதால், அதற்கு முன்பே மூத்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இன்று வீட்டுப் பார்வையின்போது ஓர் ஆண் குழந்தையைப் பார்த்தேன். அவனுக்கு ஒரு வயது நிறைவதற்கு இன்னும் மூன்று வாரங்கள் உள்ளன. பிரசவம் தாய் வீட்டில், வேறு மாவட்டத்தில் நடந்திருக்கிறது. பிறந்தவுடன் போட வேண்டிய பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி), போலியோ சொட்டு, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி ஆகிய மூன்றும், ஆறாம் வாரத்தில் போட வேண்டியவை அனைத்தும் அட்டையில் பதிவாகியுள்ளன. மூன்றாம் மாதத்தில் புகுந்த வீட்டிற்கு வந்த பிறகு எதுவும் போடப்படவில்லை. குழந்தைக்கு இப்போது மூக்கு ஒழுகுகிறது, வெப்பநிலை 99.8 டிகிரி பாரன்ஹீட். நன்றாகத் தாய்ப்பால் குடிக்கிறான், விளையாடுகிறான்.

"சளி பிடித்த பிள்ளைக்கு ஊசி வேண்டாம். போன தடவை மூன்று ஊசி போட்டு இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தான்" என்று குழந்தையின் பாட்டி சொல்கிறார். தாய் எதுவும் பேசவில்லை. தந்தை திருப்பூரில் வேலை செய்கிறார். சளி தீரும்வரை ஒரு வாரம் தள்ளிப்போடுவது சரியா? விட்டுப்போன தொடரை முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? ஒரே நாளில் நான்கு ஊசிகள் போடலாமா? அன்றைக்குத் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசிக்கு இந்த ஒரு குழந்தை மட்டுமே வரக்கூடும் என்பதால், பல டோஸ்கள் கொண்ட குப்பியை அவனுக்காகத் திறக்கலாமா என்பதும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

பதில் 1: ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர்

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் விவரித்திருப்பது நம் ஊர்களில் மிகவும் வழக்கமான ஒன்று. தலைப்பிரசவத்திற்குத் தாய் வீடு செல்லும் பெண் மூன்றாம் அல்லது ஐந்தாம் மாதத்தில் திரும்பி வருகிறார். பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகள் அந்தப் பயணத்தின் இடையில் விழுந்துவிடுகின்றன. அங்குள்ள செவிலியர் குழந்தை ஊருக்குப் போய்விட்டது என்று எழுதுவார், இங்குள்ளவருக்குக் குழந்தை வந்ததே தெரியாது. எனவே மறுத்த குடும்பம் என்று இவர்களைக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இவர்கள் தவறவிட்டவர்கள் மட்டுமே. பிக்மி எண்ணையோ (கர்ப்பிணி, குழந்தைப் பதிவு எண்) தாயின் கைபேசி எண்ணையோ கொண்டு பழைய பதிவைத் தேடி, குழந்தையை உங்கள் பகுதிப் பட்டியலில் முதலில் சேர்த்துவிடுங்கள்.

தொடரை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இடைவெளி எவ்வளவு நீண்டாலும் போட்ட டோஸ் போட்டதுதான். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அதன்படி புதன்கிழமை இவனுக்கு உரியவை: பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி) இரண்டாம் டோஸ், நியூமோகோக்கல் (நிமோனியா தடுப்பூசி) இரண்டாம் டோஸ், பகுதி அளவு போலியோ ஊசி இரண்டாம் டோஸ், தட்டம்மை ரூபெல்லா முதல் டோஸ் என நான்கு ஊசிகள். இவற்றுடன் போலியோ சொட்டும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டும் (பிறந்தவுடன் தந்த போலியோ சொட்டைச் சேர்க்காமல்) இரண்டாம் முறையாகவும், வைட்டமின் ஏ முதல் முறையாக ஒரு மில்லியும் கொடுக்க வேண்டும். உங்கள் மாவட்டம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் திட்டத்தில் உள்ளதென்றால் அதையும் பாருங்கள். நான்கு வாரங்கள் கழித்துப் பென்டாவேலன்ட் மூன்றாம் டோஸும் இரு சொட்டுகளும் வரும். நியூமோகோக்கலின் ஊக்க டோஸுக்குக் குறைந்தது எட்டு வாரங்கள் இடைவெளி தேவை. 16 மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் டோஸைப் போடலாம். ஆனால் முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி) ஊக்க ஊசிக்குப் பென்டாவேலன்ட் மூன்றாம் டோஸிலிருந்து ஆறு மாதங்கள் கடந்திருக்க வேண்டும் என்பதால் அது சற்றுப் பின்னால்தான் வரும். இந்தத் தேதிகளை அன்றே அட்டையில் பென்சிலால் எழுதிக் கொடுத்துவிடுவது என் வழக்கமாக இருந்தது.

பிறந்த நாள் நெருங்குவதைக் காட்டிக் குடும்பத்தை அச்சுறுத்த வேண்டாம். பென்டாவேலன்ட், ரோட்டா, நியூமோகோக்கல் ஆகிய மூன்றிலும் முதல் டோஸ் ஒரு வயதுக்குள் போடப்பட்டிருந்தால், எஞ்சியவற்றை அதன் பிறகும் போட்டு முடிக்கலாம் என்பதே தேசிய அட்டவணையின் விதி. இவனுக்கு அந்த முதல் டோஸ் கிடைத்திருக்கிறது. ஒரு டோஸும் பெறாத குழந்தையாக இருந்திருந்தால், பிறந்த நாளுக்குப் பிறகு பென்டாவேலன்ட்டுக்குப் பதிலாக முத்தடுப்பு ஊசி மட்டுமே கிடைத்திருக்கும். அவசரப்படுத்த வேண்டிய உண்மையான காரணம் வேறு. இவன் வயதுக் குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் முதல் தட்டம்மைக்கு எதிராகக் கிடைத்திருக்க வேண்டிய பாதுகாப்பு இன்றுவரை இல்லை; கக்குவான் இருமலுக்கு எதிராக ஒரே ஒரு டோஸ் மட்டும் உள்ளது.

குப்பி விஷயத்தில் தயங்கவே வேண்டாம். வந்திருப்பது ஒரு குழந்தையானாலும் திறந்து போட வேண்டும் என்பதுதான் அறிவுறுத்தல். தட்டம்மை ரூபெல்லா குப்பியைக் கரைத்த நேரத்தை அதன் மேல் எழுதி, நான்கு மணி நேரத்திற்குள் அல்லது முகாம் முடிந்ததும், எது முன்னதோ அப்போது, அப்புறப்படுத்துங்கள். பென்டாவேலன்ட் போல 28 நாள் வைத்துப் பயன்படுத்தும் சலுகை இதற்கும் பி.சி.ஜி.க்கும் இல்லை. வீணான டோஸ்களுக்குப் பதிவேட்டில் காரணம் எழுதலாம்.

நம்மில் பலருக்கு இந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பின்னர் மாநிலத்தில் கிராம அளவிலான முகாம்கள் நிறுத்தப்பட்டு, மருத்துவர் முன்னிலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டுமே ஊசி என்ற நிலை வந்தது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2005-06இல் ஏறத்தாழ 81 விழுக்காடாக இருந்த முழுத் தடுப்பூசி அளவு 2015-16இல் 70 விழுக்காட்டிற்கு இறங்கி, 2019-21இல் 89 விழுக்காட்டிற்கு ஏறியது. இறக்கத்திற்கு அந்த ஒரு முடிவு மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் போடாமல் அனுப்பினால் யாரும் நம்மைக் கேள்வி கேட்கமாட்டார்கள் என்ற எண்ணம் அந்தக் காலத்தில்தான் நம்மிடையே வேர்பிடித்தது. தள்ளிப்போடுவதும் ஒரு மருத்துவ முடிவுதான். அதற்கும் காரணம் எழுத வேண்டும்.

பதில் 2: ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர்

மேலே அம்மா எழுதியதுடன் முழுமையாக உடன்படுகிறேன். சளி பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இலேசான சளி, இருமல், 101 டிகிரிக்கு உட்பட்ட காய்ச்சல், சாதாரண வயிற்றுப்போக்கு, ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருப்பது, எடைக்குறைவு, குறைமாதப் பிறப்பு, குடும்பத்தில் யாருக்கேனும் வலிப்பு என்று இவை எவையும் தடுப்பூசியைத் தள்ளிவைக்கக் காரணங்கள் அல்ல. எடை குறைந்த குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் மற்றவர்களைவிட மோசமாகத் தாக்கும் என்பதால், அவர்களைத்தான் நாம் முதலில் தேடிச் செல்ல வேண்டும். குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்தே வாரங்களைக் கணக்கிட வேண்டும்.

நிறுத்த வேண்டிய இடங்கள் சில உண்டு. முந்தைய டோஸுக்குப் பின் மூச்சுத்திணறலோடு கூடிய கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் அதே தடுப்பூசியை மீண்டும் போடக் கூடாது. கக்குவான் கூறு கொண்ட ஊசிக்குப் பின் ஏழு நாட்களுக்குள், வேறு காரணம் இல்லாமல், மூளை பாதிப்பு ஏற்பட்டிருந்தால் அந்தக் கூறு இனி வேண்டாம். குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்து அடைத்தல்) வந்த குழந்தைக்கு ரோட்டா கூடாது. நோய் எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குன்றியவர்களுக்கு உயிருள்ள தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டும். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குக் குழந்தை நோயுற்றிருந்தால் தேறும்வரை காத்திருக்கலாம். இவற்றில் எதைச் சந்தேகித்தாலும் நீங்களே முடிவெடுக்காமல் தொலைபேசியில் உங்கள் மருத்துவ அலுவலரை அழையுங்கள். அதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம்.

இந்தக் குழந்தையிடம் அப்படி எதுவும் இல்லை. சென்ற முறை வந்த இரண்டு நாள் காய்ச்சல் எதிர்பார்க்கக்கூடியதே. பென்டாவேலன்ட்டில் கொல்லப்பட்ட கக்குவான் கிருமி முழுச் செல் வடிவில் சேர்க்கப்பட்டிருப்பதால் முதல் இரண்டு நாட்களில் காய்ச்சலும் தொடையில் வீக்கமும் வரலாம். தட்டம்மை ரூபெல்லாவுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் கழித்து, ஏழு முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் வரும்; சிலருக்கு இலேசான தடிப்பும் தோன்றும். இந்தக் கால வேறுபாட்டை முன்கூட்டியே பாட்டியிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், பத்தாம் நாள் வரும் காய்ச்சலுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சொட்டு மருந்துகளை முதலில் கொடுங்கள். பென்டாவேலன்ட் இடது தொடையில், நியூமோகோக்கல் வலது தொடையில், தட்டம்மை ரூபெல்லா வலது மேற்கையில், பகுதி அளவு போலியோ ஊசியை இடது மேற்கையில் போட்டால் ஒவ்வோர் உறுப்பிற்கும் ஓர் ஊசிதான் ஆகும். ஊசி போடும்போது குழந்தை தாயின் மடியில் இருக்கட்டும், இயன்றால் பால் குடித்தபடியே இருக்கட்டும். அரை மணி நேரம் அங்கேயே அமர வையுங்கள். கடும் ஒவ்வாமைக்கான மருந்தாகிய அட்ரினலின் உள்ள பெட்டியின் காலாவதித் தேதியை நாளையே பார்த்துவிடுங்கள்.

பதில் 3: மலைப்பகுதிச் செவிலியர்

விதி சரிதான், ஆனால் வீட்டில் பேசும்போது நிலைமை வேறாகிவிடுகிறது. நான்கு ஊசி என்றதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடும் பாட்டிகளை நான் நன்கு அறிவேன். அப்படிப்பட்ட வீட்டில் இரண்டை இந்தப் புதனிலும் இரண்டை அடுத்த புதனிலும் போடுவதாகச் சொன்னால், குறைந்தது இரண்டு ஊசிகளாவது உறுதியாகக் கிடைக்கும். எல்லாவற்றையும் வற்புறுத்தி ஒன்றையும் பெறாமல் போவதைவிட இது மேல் என்பது என் கருத்து. தடுப்பூசியை யாருக்கும் கட்டாயப்படுத்திப் போட முடியாது. அந்த வீட்டு வாசலுக்கு நாம் மறுபடியும் போக வேண்டும்.

பதில் 4: ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர்

மலைப்பகுதிச் சகோதரியின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரித்துப் போடுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். நாமே முதலில் முன்வைக்க வேண்டாம். நாம் அதை முன்வைத்தால், நான்கை ஒன்றாகப் போடுவதில் ஆபத்து இருப்பதால்தான் செவிலியரே பிரிக்கச் சொல்கிறார் என்று குடும்பம் புரிந்துகொள்ளும். இரண்டு முறை வந்தால் குழந்தை இரண்டு முறை அழும், இரண்டு முறை காய்ச்சல் வரலாம், தாய்க்கு இரண்டு நாள் கூலி போகும். பதினான்காம் வாரத் தடுப்பூசிக்கே வர முடியாமல் போன குடும்பம் அடுத்தடுத்த புதன்கிழமைகளில் வரும் என்று நம்புவது கடினம்.

அப்படியும் அவர்கள் இரண்டுக்கு மட்டுமே சம்மதித்தால், தட்டம்மை ரூபெல்லாவையும் பென்டாவேலன்ட்டையும் முதலில் போடுங்கள். சொட்டுகளை எவரும் மறுப்பதில்லை, அவற்றையும் கொடுத்துவிடுங்கள். ஓர் எச்சரிக்கை: தட்டம்மை ரூபெல்லாவையும் உயிருள்ள ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியையும் ஒரே நாளில் போடலாம், ஆனால் பிரித்தால் இடையில் நான்கு வாரங்கள் விட வேண்டும்.

பதில் 5: இரண்டு குழந்தைகளின் தாய்

நான் செவிலியர் அல்ல, ஆகையால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளால் எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. அப்போது எங்கள் பகுதிச் செவிலியர் என்னிடம் பேசிக்கொண்டிருக்காமல் என் மாமியாரின் அருகில் அமர்ந்து, அவர் காலத்தில் தட்டம்மை வந்த வீடுகளில் என்ன நடந்தது என்று கேட்டார். முத்து போட்டு, வேப்பிலை கட்டி, ஒரு குழந்தையைப் பறிகொடுத்த கதையை மாமியாரே சொன்னார். ஊசி போட்ட அன்று மாலை செவிலியர் தொலைபேசியில் அழைத்து, குழந்தை எப்படி இருக்கிறான் என்று என்னிடம் கேட்காமல் மாமியாரிடம் கேட்டார். அடுத்த தடுப்பூசிக்கு எங்களை நினைவூட்டியவர் மாமியார்தான். உங்கள் குழந்தையின் தாய் பேசாமல் இருப்பது விருப்பமின்மையால் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டி முன்னிலையில் அவரிடம் சம்மதம் கேட்டு அவரைச் சங்கடத்தில் வைக்காதீர்கள்.

மறுமொழி: புதிய கிராமச் செவிலியர்

அனைவருக்கும் மிக்க நன்றி. நாளை மீண்டும் அந்த வீட்டிற்குச் சென்று பாட்டியிடம் பேசுகிறேன். திருப்பூரில் உள்ள தந்தையையும் மாலையில் அழைக்கிறேன். நான்கு ஊசிகளையும் ஒன்றாகவே பரிந்துரைக்கப் போகிறேன். ஒரே ஓர் ஐயம் எஞ்சியுள்ளது: காய்ச்சல் வராமலிருக்க ஊசிக்கு முன்பே பாராசிட்டமால் கொடுத்துவிடலாமா என்று பாட்டி கேட்டார்.

பதில் 6: ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர்

முன்கூட்டியே வேண்டாம். காய்ச்சலோ வலியோ வந்த பிறகு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற கணக்கில் கொடுக்கலாம். தேவைப்பட்டால் ஆறு மணி நேர இடைவெளியில் மீண்டும் கொடுக்கலாம். குழந்தை எட்டு கிலோ என்றால் 80 முதல் 120 மில்லிகிராம். சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120, 125 அல்லது 250 என்று வெவ்வேறு அளவுகள் விற்கப்படுகின்றன. ஆகையால் "ஒரு மூடி கொடுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், அவர்கள் வீட்டில் உள்ள பாட்டிலையே எடுத்து வரச் சொல்லி, எத்தனை மில்லி என்பதை அதன் மேல் எழுதிக் கொடுங்கள்.