பழைய டெப்பைச் சுவரில் மாட்டி வீட்டுக் கட்டுப்பாட்டுப் பலகையாக்கலாமா?

ஹட்டன்வாசி:

அனைவருக்கும் வணக்கம். 2020ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்டு, தோட்டத்துப் பிள்ளைகள் சூம் வகுப்புக்காக சிக்னல் தேடி மேட்டில் ஏறிக்கொண்டிருந்த நாள்களில், மகளுக்கென்று ஒரு சாம்சங் கேலக்ஸி டேப் ஏ 8.0 (2019ஆம் ஆண்டு மாதிரி) வாங்கினோம். மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். டெப் அலுமாரிக்குள் கிடக்கிறது. 2 ஜிபி நினைவகமும் 5100 மில்லியம்பியர் மணிப் பற்றரியும் உள்ளது. திரையின் மூலையில் மயிரிழைபோல ஒரு கீறல் இருந்தாலும் தொடுகைக்குக் குறைவில்லை.

வீட்டில் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி ஒன்றில், வீட்டு மின்சாதனங்களைக் கட்டுப்படுத்தும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடுகிறது. ஐந்து மின்குமிழ்கள், வாசல் விளக்கு, தண்ணீர்த் தாங்கியின் மட்டம் ஆகியவற்றை நானும் மனைவியும் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் அப்பாயி. அவரிடம் ஸ்மார்ட் கைப்பேசி இல்லை, வேண்டவும் மாட்டார். குளிப்பதற்கு முன் கீசரைப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டாரோடு பேச்சில் இறங்கி, மாலை வரை அணைக்காமல் விட்டுவிடுவார். அவர் பார்க்கும் இடத்தில், சமையலறைக் கதவருகே, இந்த டெப்பை மாட்டிவிட எண்ணுகிறேன்.

நான் தெளிவடைய வேண்டியவை சில உள்ளன. இரவும் பகலும் சார்ஜில் இருந்தால் பற்றரி என்னவாகும்? இவ்வளவு சிறிய நினைவகத்தில் எந்தச் செயலி தடங்கலின்றி ஓடும்? 25 லீற்றர், 2000 வாட் கீசரை 10 அம்பியர் என்று எழுதியிருக்கும் ஸ்மார்ட் ரிலேயில் (தொலைவிலிருந்து இயக்கும் சிறு சுவிட்சில்) நேரடியாக இணைக்கலாமா? எங்கள் வீடு பழைய கருங்கல் கட்டடம் என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

நுவரெலியா பனிமூட்டம்:

வணக்கம் சகோதரரே. மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இப்படியொரு பலகை சுவரில் இருக்கிறது. இப்போது இருப்பது இரண்டாவது. முதலாவதை ஏன் இழந்தேன் என்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் முதற் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது.

அது வேறொரு நிறுவனத்தின் மலிவான டெப். சுவரைக் குடைந்து, பலகை சுவரோடு சமமாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் இறுக்கமாகப் பதித்து, சார்ஜரை நிரந்தரமாக இணைத்துவிட்டேன். எட்டாவது மாதம் திரையின் நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. அழுக்கு என்று துடைத்துப் பார்த்தேன். வெளியே எடுத்தபோது பின்மூடி அப்பளம்போல உப்பி, திரையை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. லித்தியம் பற்றரிக்கு ஓயாமல் 100 சதவீதத்தில், அதாவது ஒரு கலத்துக்கு ஏறத்தாழ 4.2 வோல்ட்டில் நிற்பதைவிடப் பெரிய துன்பம் இல்லை; அதோடு காற்றோட்டமில்லாத குழிக்குள் சூடும் சேர்ந்தால் உள்ளே வாயு உண்டாகி வீங்கத் தொடங்கும். வெளியே 15 பாகைக் குளிர் இருப்பது அந்தக் குழிக்குள் உதவவில்லை.

ஆகவே சார்ஜரை ஒரு ஸ்மார்ட் பிளக்கில் மாட்டி, பற்றரி 35 சதவீதத்துக்குக் கீழே வந்தால் பிளக்கைப் போடவும், 75ஐத் தாண்டினால் அணைக்கவும் ஹோம் அசிஸ்டன்ட்டில் ஒரு தானியங்கி விதி எழுதுங்கள். இதில் நான் ஒருமுறை ஏமாந்தேன். எல்லையைக் கடக்கும் கணத்தை மட்டும் நம்பி விதியை எழுதியிருந்ததால், வீட்டில் நெடுநேரம் மின்சாரம் நின்று எல்லாம் மறுபடி தொடங்கியபோது, பற்றரி ஏற்கெனவே எல்லைக்குக் கீழே இருந்தும் பிளக் எழும்பவில்லை. டெப் மெல்ல அணைந்தே போய்விட்டது. இப்போது 15 நிமிடத்துக்கொரு முறை அளவைப் பார்க்கும்படியும், அளவே கிடைக்காவிட்டால் பிளக்கைப் போட்டுவிடும்படியும் மாற்றியிருக்கிறேன். இந்தப் பின்பகுதியை மறந்துவிடாதீர்கள். செத்துக் கிடக்கும் டெப் தன் பற்றரி அளவைச் சொல்லாது.

செயலியைப் பொறுத்தவரை ஃபுல்லி கியோஸ்க் பிரவுசரே உங்களுக்குப் போதும். அது ஹோம் அசிஸ்டன்ட் பக்கத்தை முழுத்திரையில் காட்டி, வேறெங்கும் போகவிடாமல் பூட்டிவைக்கும். பற்றரி அளவையும் அனுப்பும். முன்கமராவில் அசைவு தெரிந்தால் திரையை எழுப்பும். கட்டணமின்றியே சோதித்துப் பார்க்கலாம், சில வசதிகளுக்கு மட்டும் உரிமம் வாங்க வேண்டும். உங்கள் மாதிரி அண்ட்ராய்டு 9 உடன் வந்தாலும் 11 வரை மேம்படுத்தலாம். அதை முதலில் செய்துவிடுங்கள். குரோமின் 138ஆம் பதிப்புக்குப் பிறகு அண்ட்ராய்டு 8க்கும் 9க்கும் புதிய பதிப்புகள் வருவதில்லை, உலாவி பழசாகிவிட்டால் ஹோம் அசிஸ்டன்ட்டின் புதிய பக்கங்கள் ஒருநாள் வெறுமையாகத் தெரியக்கூடும். மகளின் கூகுள் கணக்கை நீக்கி, தேவையற்ற செயலிகளை முடக்கி, பலகைக்கென்று நிர்வாகி உரிமையில்லாத தனிப் பயனரை உருவாக்கிக்கொடுத்தால் 2 ஜிபி தாராளம். ஒரே பக்கத்தில் கமராக் காட்சியும் வரைபடங்களும் அடுக்கினால்தான் திணறும்.

பதுளை மின்வேலை:

வணக்கம் தம்பி. நான் வீடுகளுக்கு வயரிங் செய்பவன். டெப்பைப் பற்றி அந்தச் சகோதரர் சொன்னதே போதும், கீசரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 அம்பியர் வரும். கணக்கில் 10க்குள் அடங்குகிறதே என்று பலர் நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். மின்குமிழ் போல அல்லாமல் கீசர் அந்த அளவை அரை மணி நேரம் தொடர்ந்து இழுக்கும். ரிலே பெட்டியின் முனைத் திருகு சற்றே தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பாகி, ஈயப்பற்று உருகும். பண்டாரவளைப் பக்கம் ஒரு வீட்டில் கருகிய வாடைக்கு என்னை அழைத்தார்கள்; சுவிட்ச் பெட்டியைத் திறந்தபோது ரிலேயின் ஒரு பக்கம் மெழுகுபோல வழிந்திருந்தது.

முறையான வழி, 25 அம்பியர் கொன்டாக்டர் (கூடிய மின்னோட்டத்தைத் தாங்கும், மின்காந்தச் சுருளால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை எம்சிபி பெட்டியில் பொருத்தி, கீசரின் மின்னோட்டத்தை அதன் வழியே கொண்டுபோவது. உங்கள் ஸ்மார்ட் ரிலே அந்தக் கொன்டாக்டரின் சுருளை மட்டும் இயக்கும். இரு துருவங்களையும் துண்டிக்கும் பழைய கீசர் சுவிட்சைக் கழற்ற வேண்டாம், அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ட்ரிப் சுவிட்ச் 30 மில்லியம்பியர்தானா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உண்மையில் விழுகிறதா, எர்த் கம்பி கீசரின் உடல்வரை போகிறதா என்பதையெல்லாம் உரிய மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு பாருங்கள். பழைய வீடுகளில் எர்த் கம்பி சுவருக்குள் எங்கோ நின்றுபோயிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ரிலேயின் அமைப்பில், மின்சாரம் போய்த் திரும்பும்போது எந்த நிலையில் தொடங்க வேண்டும் என்று ஒரு தெரிவு இருக்கும். டாஸ்மோட்டா மென்பொருள் என்றால் அதன் பெயர் பவர்ஆன்ஸ்டேட். அதை 0 என்று வையுங்கள். இல்லாவிட்டால் மின்வெட்டுக்கு முன் ஓடிக்கொண்டிருந்த கீசர், நள்ளிரவு இரண்டு மணிக்கு மின்சாரம் வந்ததும் யாரும் கேளாமலே ஓடத் தொடங்கும்.

எவ்வளவு நேரத்தில் தானாக அணைய வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. 25 லீற்றர் தண்ணீரை 17 பாகையிலிருந்து 55 பாகைக்குச் சூடாக்கச் சுமார் 1.1 அலகு மின்சாரம் போதும். 2000 வாட் கீசர் அதை 33 நிமிடத்தில் முடித்துவிடும். 40 நிமிடம் வையுங்கள். அதற்கு மேல் அதன் தெர்மோஸ்டாட் விட்டுவிட்டுப் போடுவதால் அப்பாயி மாலைவரை மறந்தாலும் 2000 வாட்டும் முழுநேரம் ஓடுவதில்லை. நீங்கள் பயப்படும் அளவுக்கு பில் ஏறாது, ஆனால் வீண்தான்.

ஹப்புத்தளைக்காரன்:

இவ்வளவு சுற்றி வளைக்காமல், டெப்பைத் திறந்து பற்றரியைக் கழற்றிவிட்டு, அதன் முனைகளுக்கு 4 வோல்ட் மின்சாரத்தை நேரடியாகக் கொடுத்துவிடலாமே? வீங்குவதற்குப் பற்றரியே இருக்காது. நான் ஒரு பழைய டெப்பில் செய்திருக்கிறேன், இன்றும் ஓடுகிறது.

நுவரெலியா பனிமூட்டம்:

செய்ய முடியும் என்பதை மறுக்கவில்லை, சகோதரரே. ஆனால் சில டெப்கள் பற்றரியின் வெப்ப உணரி இல்லாவிட்டால் எழும்பவே மாட்டா. திரை பிரகாசிக்கும் கணத்தில் மின்னோட்டம் திடீரெனக் கூடும்போது வேறு சில மறுபடி மறுபடி தொடங்கிக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியமாக, நம் மலைநாட்டில் பற்றரியைக் கழற்றினால் பலகையின் பாதிப் பயனைக் கழற்றியது போலாகும். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, ராஸ்பெரி பையும் ரவுட்டரும் ஒரு சிறிய யூபிஎஸ்ஸில் ஓடியதால், எங்கள் பலகை தாங்கியில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று காட்டிக்கொண்டே இருந்தது. பம்பு ஓடாத நாளில் அந்த ஓர் எண் போதும், யார் எத்தனை வாளி எடுக்கலாம் என்று தீர்மானிக்க.

ஹட்டன்வாசிக்கு இன்னும் இரண்டு விடயங்கள். சார்ஜர் கேபிளை மூன்று மீற்றர் இழுக்கப்போகிறீர்கள் என்றால் மெல்லிய கேபிள் வாங்க வேண்டாம். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெல்லியது; 28 கேஜ் கம்பிக்கு மீற்றருக்கு 0.21 ஓம் தடை. போக வர ஆறு மீற்றர் என்றால் 1.3 ஓம், ஒரு அம்பியர் ஓடினால் 1.3 வோல்ட் வழியிலேயே போய்விடும், 5 வோல்ட் டெப்பைச் சேரும்போது 3.7 ஆகிவிடும். சார்ஜ் ஆகிறது என்று அடையாளம் மட்டும் காட்டி, சதவீதம் இறங்கிக்கொண்டே போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். 24 கேஜ் என்றால் இழப்பு அரை வோல்ட்டோடு நிற்கும்.

மாட்டுவதற்கு இருபக்கமும் ஒட்டும் டேப்பை நம்ப வேண்டாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சுண்ணாம்புச் சுவரின் ஈரத்தில் அது பூச்சோடு உரிந்து வந்துவிடும். மரச்சட்டம் செய்து திருகி, டெப்புக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றராவது இடைவெளி விடுங்கள். ஈரமும் தங்காது, பற்றரி வீங்கத் தொடங்கினாலும் பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியும். கருங்கல் சுவரைத் தாண்ட வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைவிட 2.4 நல்லது.

பதுளை மின்வேலை:

மின்னலைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி நமக்குப் புதிதல்ல. ஸ்மார்ட் பிளக் அணைந்திருக்கிறது, ஆகவே டெப் பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ணாதீர்கள். உள்ளே இருக்கும் ரிலேயின் இடைவெளி மில்லிமீற்றர் கணக்குத்தான், அதுவும் பெரும்பாலும் லைவ் கம்பியை மட்டுமே துண்டிக்கும். மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் சாதனத்தைப் பிரதான பெட்டியில் போடுங்கள். இடி நெருங்கினால் சார்ஜரைக் கையால் பிடுங்குங்கள்.

ஹட்டன்வாசி:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். கொன்டாக்டரை உள்ளூர் மின்வினைஞர் ஒருவர் பொருத்தித் தந்தார். எர்த் கம்பி, பதுளை அண்ணன் சொன்னது போலவே, கீசர்வரை போயிருக்கவில்லை. அதற்கே ஒரு நாள் ஆனது. டெப் இப்போது கிரவீலியா மரப் பலகைச் சட்டத்தில், அப்பாயியின் கண்மட்டத்துக்குச் சரியாக, தரையிலிருந்து 135 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. பற்றரி 35க்கும் 75க்கும் இடையில் ஏறி இறங்குகிறது.

முதற் பக்கத்தில் மூன்றே பொத்தான்கள் வைத்தேன்: சுடுதண்ணி, வாசல் லைட், தண்ணித் தாங்கி. முதலில் ‘நீர் சூடேற்றி’ என்றுதான் பெயரிட்டிருந்தேன், அப்பாயி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “இது யாரு வீட்டுது?” என்று கேட்டதால் மாற்றினேன். கொழுந்து பறித்துக் காய்த்த அவருடைய விரல் நுனியைத் திரை சில வேளை உணரவில்லை. பொத்தான்களைத் திரையின் பாதி அளவுக்குப் பெரிதாக்கி, தொடுகை உணர்திறனைக் கூட்டும் தெரிவு அமைப்புகளில் எங்காவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

அதுவரை அவர் விரலை முந்தானையின் ஈரமான நுனியில் தொட்டுவிட்டு அழுத்துகிறார், வேலை செய்கிறது. பெட்டிக்குள் கொன்டாக்டர் ‘டக்’ என்று விழும் சத்தம் கேட்டதும் துண்டை எடுக்கப் போய்விடுகிறார். திரையை அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை.