கிளந்தான் தினார் காசை எங்கே விற்பது?

அப்பா 2010-ல் கோத்தா பாருவில் வேலை பார்த்தபோது, கிளந்தான் மாநில அரசு வெளியிட்ட தங்க தினார் இரண்டும் வெள்ளி திர்ஹாம் ஐந்தும் வாங்கி வைத்திருந்தார். (மலேசியாவில் நாம் ரிங்கிட் பணத்தையே 'வெள்ளி' என்பதால், இது வெள்ளி உலோகக் காசு என்று கடையில் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.) இப்போது அவசரமாகப் பணம் வேண்டும், வாங்கத்தான் ஆளில்லை.

தினார் ஒன்று 4.25 கிராம், 22 காரட், அதாவது நம்ம 916. திர்ஹாம் 2.975 கிராம். தராசில் தினார் 4.24 காட்டியது. உறை பிரிந்திருக்கிறது, ரசீது தொலைந்துவிட்டது.

கிள்ளானில் மூன்று நகைக்கடை ஏறி இறங்கிவிட்டேன். ஒருவர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "உருக்கித்தான் எடுப்பேன், சேதாரம் கழிப்பேன்" என்றார். அடகுக்கடையில் நகை மட்டும்தானாம். அப்பா வாங்கிய இடத்தின் தொலைபேசி எண் இப்போது உபயோகத்தில் இல்லை. வங்கிப் பக்கம் போகவே இல்லை. ரிங்கிட் மட்டுமே செல்லும் பணம் என்று மத்திய அரசு அப்போதே சொல்லிவிட்டதே.

சரி, கேள்வி இதுதான்: உருக்காமல், அன்றைய 916 விலையை ஒட்டி இதை எடுத்துக்கொள்ளும் கடையோ நாணயம் சேகரிப்பவரோ கிள்ளான், கோலாலம்பூர் பக்கம் யாருக்காவது தெரியுமா?