கணையப் புற்றுநோய்: கீமோவோடு கதிர்வீச்சும் வேண்டுமா?

பூங்குன்றன்: "கீமோ மட்டும் பாதி வைத்தியம், கதிரியக்கமும் சேர்ந்தால்தான் முழு வைத்தியம்" என்று நேற்று சேரலாதன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 2016-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த லேப்07 ஆய்வைப் படித்தாரா? பரவாமல், ஆனால் அறுத்தெடுக்க முடியாதபடி முற்றிய கட்டி. நாலு மாத கீமோவில் நோய் கட்டுக்குள் இருந்த 269 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கீமோவே தொடர்ந்தது. மற்றவர்களுக்கு 54 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு, கூடவே கேபசிடபின் என்ற கீமோ மாத்திரை. கீமோவில் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 16.5 மாதம், கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு 15.2. எங்கே அந்த முழு வைத்தியம்?

சேரலாதன்: அந்த 1.3 மாதத்துக்குப் புள்ளியியலில் அர்த்தமே கிடையாது, பி மதிப்பு 0.83, தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். அதே ஆய்வில் கட்டி இருந்த இடத்திலேயே மறுபடி வளர்ந்தது கதிர்வீச்சு வாங்கியவர்களில் 32 சதவீதம், மற்றவர்களில் 46. அதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

பூங்குன்றன்: விழுங்கவில்லை. ஆயுள் கூடியதா? 15.2. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மலர்விழி: அண்ணா, என் அப்பாவுக்கு இதே வைத்தியம்தான். வயிற்றில் மையால் கோடு போட்டு, அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். அம்மா ஈரத் துண்டால் கோட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்துவிடுவார். அதுவரை வலியால் உட்கார்ந்தபடியே குனிந்து தூங்கிய அப்பா, கதிர்வீச்சுக்கு அப்புறம்தான் மல்லாந்து படுத்தார். அந்த 32-க்கும் 46-க்கும் வீட்டில் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

பூங்குன்றன்: தங்கச்சி, வலிக்காகக் கொடுப்பதை நான் மறுக்கவே இல்லை. ஆயுளைப் பற்றித்தான் பேசுகிறேன். 16.5, 15.2.

தமிழ்வாணி: முதலில் சேரலாதன் 'கதிரியக்கம்' என்று எழுதுவதை நிறுத்தட்டும். கதிர்வீச்சு கொடுக்கும் லீனாக் எந்திரத்துக்குள் கதிரியக்கப் பொருளே கிடையாது. கதிர்வீச்சு என்று எழுதுங்கள்.

சேரலாதன்: போன மாதமும் இப்படித்தான் சொல்லைப் பிடித்துக்கொண்டு பேச்சைக் கெடுத்தீர்கள், அம்மா. சரி, நெதர்லாந்தின் பிரியோபாங்க் ஆய்வு என்ன ஆயிற்று? 246 பேர். அறுவைக்கு முன் ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்தோடு கதிர்வீச்சு வாங்கியவர்களில் ஐந்து ஆண்டு கடந்தவர்கள் 20.5 சதவீதம், நேரே அறுவைக்குப் போனவர்களில் 6.5.

பூங்குன்றன்: அது அறுக்கக்கூடிய கட்டி, அல்லது அதன் விளிம்பில் இருப்பது. லேப்07-க்கு அதைப் பதிலாக நீட்டாதீர்கள். பிரியோபாங்கில் ஒரு பக்கம் அறுவைக்கு முன்பும் கீமோ, மறுபக்கம் பின்னால் மட்டும்தான். பலன் கீமோவாலா கதிர்வீச்சாலா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? அமெரிக்காவில் அலையன்ஸ் ஆய்வுக் குழு ஃபோல்ஃபிரினாக்ஸ் கீமோவை மட்டும் ஒரு குழுவுக்கும், அதோடு கதிர்வீச்சையும் இன்னொரு குழுவுக்கும் கொடுத்தது. 18 மாதத்தில் உயிரோடு இருந்தவர்கள் கீமோவில் 66.7 சதவீதம், கதிர்வீச்சும் சேர்ந்ததில் 47.3. நடுவிலேயே கதிர்வீச்சுப் பிரிவை மூடினார்கள்.

சேரலாதன்: அந்த இரண்டு பிரிவையும் நேருக்கு நேர் ஒப்பிட அந்த ஆய்வை அமைக்கவே இல்லை. அதை ஏன் சொல்லவில்லை? லேப்07-லும் ஜெம்சிடபின்தான், இன்றைய கீமோ அல்ல. பழைய கணக்கை வைத்து இன்றைய நோயாளியைப் பயமுறுத்தாதீர்கள்.

பூங்குன்றன்: பயமுறுத்துவது நானா? கீமோ மட்டும் எடுக்கிறவர்களிடம் "பாதி வைத்தியம்" என்று சொன்னது யார்? அதைத் திரும்பப் பெறுங்கள், அப்புறம் பேசலாம். அதுவரை 15.2.

சேரலாதன்: 0.83.

தமிழ்வாணி: கதிர்வீச்சு!