கறுப்பு டி-ஷர்ட்டில் வாட்டர் பேஸ் கலர் மங்குகிறது, பளிச்சென்று வர என்ன வழி?

கேள்வி:
ஸ்கிரீன் பிரிண்டிங்கில் வெள்ளைத் துணியில் பளிச்சென்று விழும் சிவப்பு, கறுப்பில் அடித்தால் செங்கல் பொடி மாதிரி தெரிகிறது. 100% காட்டன், இன்ச்சுக்கு 120 இழை உள்ள மெஷ் (ஸ்கிரீன் வலை), இரண்டு கோட். ஒயிட் பேஸில் கலந்தால் ரோஸ் ஆகிவிடுகிறது. பிக்மென்ட்டை (நிறப் பொருளை) 15% வரை ஏற்றினால் துவைக்கும்போது சாயம் போகிறது. பிளாஸ்டிசாலுக்கு (தண்ணீர் சேராத பிளாஸ்டிக் இங்க்) மாறாமல் வழி இருக்கிறதா?

பதில் 1:
பிக்மென்ட்டை ஏற்றாதீர்கள். நிறத்தைத் துணியில் பிடித்து வைப்பது பைண்டர்தான். அது தாங்குகிற அளவு தாண்டினால் மிச்சம் உதிரத்தான் செய்யும். 8% பக்கம் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒயிட் பேஸில் டைட்டானியம் டை ஆக்ஸைடு இருக்கிறது. சிவப்போடு வெள்ளை சேர்ந்தால் ரோஸ்தானே வரும்? வெள்ளை அடியில் இருக்க வேண்டும், சிவப்பு கிளியர் பேஸில் (வெள்ளை சேராத பேஸ்) கலந்து மேலே வர வேண்டும். அடி வெள்ளையை 110 அல்லது 120 மெஷ்ஷில் இரண்டு இழுப்பு அடித்து ஃப்ளாஷ் (ஹீட்டரில் சிறிது நேரம் காயவைப்பது) கொடுங்கள். ஹீட்டருக்குக் கீழே துணியிலிருந்து ஆவி கிளம்புவது கண்ணுக்கே தெரியும். அது நின்று, தொட்டால் விரலில் ஒட்டாத பிறகு சிவப்பை 160 மெஷ்ஷில் ஒரே இழுப்பு. ஈரத்தின் மேல் அடித்தால் திரும்பவும் ரோஸ்தான். அடி வெள்ளையின் டிசைனை ஒரு முடி அளவு சுருக்கி ஃபிலிம் எடுங்கள், ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்காது.

பதில் 2:
துணி மெத்தென்று இருக்க வேண்டுமென்றால் டிஸ்சார்ஜ்தான் என் ஓட்டு. துணியின் சாயத்தையே வெளுத்து அந்த இடத்தில் பிக்மென்ட்டை உட்கார வைக்கும். டிஸ்சார்ஜ் பேஸில், வெளுக்க வைக்கும் ஏஜென்ட் பவுடர் எடையில் 6% வரை. கலந்ததைச் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு வேலை செய்யாது. ஹீட்டருக்குப் போகும்வரை ஈரம் இருக்கட்டும், காய்ந்துவிட்டால் சரியாக வெளுக்காது. ரியாக்டிவ் சாயம் போட்ட காட்டனில்தான் எடுபடும். பாலியஸ்டரில் நடக்காது. ராயல் ப்ளூ, சில பச்சைகள் அடம்பிடிக்கும், ஒரு பீஸில் அடித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஃபார்மால்டிஹைடு வெளியேறும், அதனால் எக்ஸாஸ்ட் இல்லாத அறையில் தயவுசெய்து செய்யாதீர்கள். உடுத்தும் முன் ஒருமுறை துவைக்கவும் சொல்லுங்கள்.

கேட்டவர்:
அடி வெள்ளை முறையில் அடித்தேன், நிறம் நன்றாக வருகிறது. ஆனால் ஐந்தாறு பீஸுக்குப் பிறகு சிறிய எழுத்துகள் அடைத்துக்கொள்கின்றன.

பதில் 1:
ஃப்ளாஷில் டி-ஷர்ட்டை மாட்டும் பலகை சூடேறி, அந்தச் சூட்டில் இங்க் மெஷ்ஷிலேயே காய்கிறது. பலகையை ஆறவிட்டு அடுத்ததை அடியுங்கள். ஒவ்வொரு பிரிண்ட்டுக்கும் பிறகு ஸ்கிரீன் முழுக்க இங்க்கைப் பரப்பி மூடி வையுங்கள், வெறுமனே விடாதீர்கள். இடையில் ஸ்பிரேயரில் பனி மாதிரி லேசாகத் தண்ணீர் அடிக்கலாம். இங்க்கிலேயே தண்ணீரை ஊற்றினால் வெள்ளை மூடும் திறன் போய்விடும், ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கொஞ்சம் போதும்.

பதில் 3:
க்யூரிங்கையும் (சூட்டில் இங்க்கை நிலைக்க வைப்பது) பாருங்கள். தண்ணீர் முழுக்க ஆவியாகாமல் இங்க்கின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் மெஷின் 160 காட்டினாலும் இங்க் மேற்பரப்பு அதைத் தொட்டதா என்று அளந்து, அதன் பிறகு 2 நிமிடமாவது விடுங்கள். ஒரு நாள் கழித்து ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். சிவப்பு ஏறினால் பேட்ச்சை இன்னொரு முறை ஹீட்டரில் ஓட்டுங்கள்.