பொருள்: 'டெமொன்ஸ்ட்ரேஷன் ஸ்போர்ட்', தமிழில் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

களுவாஞ்சிக்குடி, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பட்டிமன்றம். தலைப்பு: எந்த விளையாட்டுகள் ஒலிம்பிக்கில் இருக்க வேண்டும்? அறிவித்த அன்றே வகுப்பு இரண்டாகிவிட்டது. கபடி இல்லாமல் என்ன ஒலிம்பிக் என்று ஒரு பக்கம். 2024இல் பரிஸில் பிரேக் நடனத்துக்குப் பதக்கம் கொடுத்தவர்கள் சதுரங்கத்துக்கு ஏன் கொடுக்கவில்லை என்று மறுபக்கம். கடைசி வாங்கில் இருக்கும் ஒருவன் கயிறிழுத்தல் வேண்டும் என்றான், எல்லோரும் சிரித்தார்கள். 1900 முதல் 1920 வரை அது ஒலிம்பிக்கில் இருந்த விளையாட்டுத்தான் என்று சொன்னேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

பிள்ளைகளுக்குக் கொடுக்க இரண்டு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன். முன்பெல்லாம் ஒரு விளையாட்டை முழுமையாகச் சேர்த்துக்கொள்ளாமல், ஒலிம்பிக் களத்தில் ஆடிக்காட்ட மட்டும் இடம் கொடுப்பார்கள். அதில் பதக்கம் வாங்கினாலும் நாட்டின் கணக்கில் சேராது. பட்மின்டன் 1972இல் மியூனிக்கில் அப்படி ஆடப்பட்டது. 20 ஆண்டுகள் காத்திருந்து 1992இல் பார்சிலோனாவில்தான் முழு உரிமை பெற்றது. டைக்குவாண்டோ 1988, 1992 இரண்டிலும் அப்படி ஆடப்பட்டு, 2000இல் சிட்னியில் உள்ளே வந்தது. இந்த இடைநிலைக்குத் தமிழ் என்ன? 'காட்சி விளையாட்டு' என்று எழுதியிருந்தேன். "கண்காட்சியில் வைப்பதா ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். வியாழன் பின்னேரம் போட்டோக்கொப்பிக்குக் கொடுக்க வேண்டும்.

சம்மாந்துறை, திங்கள் இரவு

ரீச்சர், இதற்கு ஏன் தலையை உடைக்க வேண்டும்? 'பரீட்சார்த்த விளையாட்டு'. சுற்றறிக்கை வாசித்த எவருக்கும் பரீட்சார்த்தத் திட்டம் என்றால் என்னவென்று தெரியும்.

பட்டிமன்றத்தில் கிரிக்கெட்டுக்காகப் பேச யாரும் இருக்கிறார்களா? 1900இல் பரிஸில் ஒரேயொரு ஆட்டம், பிரித்தானியாவும் பிரான்சும் ஆடின, அத்தோடு சரி. 2028இல் லொஸ் ஏஞ்சல்ஸில் திரும்பி வருகிறது. ஆண்களில் ஆறு அணி, பெண்களில் ஆறு அணி. உலகமே பார்க்கிற விளையாட்டுக்கு ஆறு இடம் போதுமா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

காரைதீவு, செவ்வாய் காலை

தம்பி, 'பரீட்சார்த்தம்' வேண்டாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பரீட்சை என்றால் ஒன்றுதான் நினைவுக்கு வரும். அதைவிட, விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கி உழைத்தவர் அவர். நம்மிடம் சொல் இருக்கும்போது கடன் வாங்கினால் அவருக்கு என்ன பதில் சொல்வது?

சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தேர் செய்தால் சுவாமியை ஏற்றாமல் வெறுந்தேராக வீதியில் ஓட்டிப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகிறதா, சில்லு திரும்புகிறதா, வடம் பிடிப்பவர்களுக்கு இழுவை எப்படி என்று பார்த்த பிறகுதான் திருவிழா. 'வெள்' என்பது இங்கே நிறம் அன்று, வெறுமை. வெள்ளறிவு என்கிறோம். உள்ளே வைரம் பாயாத மரம் வெளிறு. வள்ளுவர் 844ஆம் குறளில் 'வெண்மை' என்று சொல்வதும் உள்ளீடற்ற அறிவைத்தான். ஆகவே பதக்கக் கணக்கு என்ற சுவாமி ஏறாமல் ஓடுகிற ஓட்டம், வெள்ளோட்டம். வெளி, வெள்ளிடை ஆகியவையும் இந்த வேரில்தான் கிளைத்தன என்பது என் துணிபு. இரவு விரிவாக எழுதுகிறேன்.

சம்மாந்துறை, செவ்வாய் மதியம்

ஐயா, விரிவாக எழுதுங்கள், ஆவலோடு வாசிப்பேன். ஆனால் இரண்டு விடயம்.

'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடவெழுத்தை நீக்கி வந்த சொல்லைத் தொல்காப்பியமே ஏற்றுக்கொள்கிறது. பரீட்சார்த்தத்தில் ஒரு கிரந்த எழுத்துக் காட்டுங்கள் பார்ப்போம். 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே', காலத்துக்குப் பொருந்தினால் விலக்க வேண்டிய சொல் இல்லை என்றும் சொல்லியிருக்கிறது. இது எங்கள் காலத்துச் சொல், எங்கள் அலுவலகத்துச் சொல்.

மற்றது பெரியது. வெள்ளோட்டம் விட்ட தேர் எப்போதும் வீதிக்கு வரும். அதற்காகத்தானே ஓட்டுகிறார்கள்! ஒலிம்பிக்கில் அப்படியா நடந்தது? 1992இல் டைக்குவாண்டோவோடு ரோலர் ஹொக்கியும், சுவரில் பந்தடித்து ஆடும் பாஸ்க் பெலோட்டாவும் ஆடப்பட்டன. அதன் பிறகு இரண்டும் இன்றுவரை உள்ளே வரவில்லை. வெள்ளோட்டம் என்று எழுதினால், ஆடிக்காட்டிய எல்லாம் சேர்க்கப்பட்டுவிடும் என்று பிள்ளை நினைக்கும். அது சொல் அல்ல, தீர்ப்பு.

கன்னன்குடா, செவ்வாய் இரவு

ரீச்சர், ஐயா, தம்பி எல்லோருக்கும் வணக்கம். கூத்துக்காரன் பேச்சையும் கொஞ்சம் கேளுங்கள். கூத்துப் பழகும்போது அவரவர் பாடவேண்டிய பாட்டை எழுதிய 'சட்டம்' கொடுத்து, சதங்கை அணிந்து, கிழமைக் கூத்து ஆடி, அதன் பிறகு ஒரு நாள் 'அடுக்குப் பார்த்தல்' வரும். முழுக் கூத்தையும் தொடக்கம் முதல் மங்களம் வரை ஒரே மூச்சில் ஆடுவோம். களரி நிறைய ஆட்கள் வந்திருப்பார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். தாளத்தில் கால் பிந்தினால் மத்தளத்தை நிறுத்திவிட்டு ஆட்டக்காரனை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஊர் பார்க்கிறது, ஆனால் அரங்கேற்றம் அன்று. சரிவராத கூத்து அரங்கேறாமல் நின்றுபோனதும் உண்டு.

தம்பி கேட்டது இதுதானே? ஆடியும் ஆகிவிட்டது, ஏறுவது உறுதியும் இல்லை. 'அடுக்கு விளையாட்டு' என்று வையுங்கள். உள்ளே வந்ததற்கு 'அரங்கேறிய விளையாட்டு'. இரண்டும் ஒரு குடும்பத்துச் சொற்கள்.

காரைதீவு, புதன் காலை

கன்னன்குடாத் தம்பியின் சொல் அழகு. ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் விளங்காது. அடுக்கு என்றால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை அடுக்குத்தொடரையும் பல்லடுக்கு மாடியையும் நினைக்கும். நம் ஊருக்கு மட்டும் கலைச்சொல் செய்ய முடியாது.

வேரைப் பற்றி வாக்களித்திருந்தேன். அதற்கு முன் கபடியைப் பற்றி ஒரு வார்த்தை. 'கைப்பிடி' என்பதே கபடியாயிற்று என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு உண்டு. பாடி வருகிறவனை மற்றவர்கள் கைகோத்துப் பிடிக்கிறார்கள். அப்படியென்றால் 1936இல் பேர்லினில் ஆடிய கபடி, தமிழ்ப் பெயரோடு ஒலிம்பிக் ஏறிய முதல் விளையாட்டு ஆகிறது.

சம்மாந்துறை, புதன் காலை

ஐயா, மன்னியுங்கள். கைப்பிடியில் உள்ள 'ஐ' எங்கே போனது, 'ப்பி' எப்படி 'ப'வாகத் தேய்ந்தது என்று காட்டாமல் ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து வேர் சொல்லக் கூடாது. நமக்குச் சடுகுடு என்ற சொல்லே இருக்கிறதே, அது போதாதா?

களுவாஞ்சிக்குடி, புதன் மாலை

ஐயா, பேர்லினைப் பற்றி நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. குறிப்பை இன்னொரு முறை சரிபார்த்தேன். 1936இல் அங்கே கபடி ஆடிக்காட்டியது அமராவதியிலிருந்து போன உடற்பயிற்சிச் சங்கம் ஒன்று. ஆனால் அந்த ஆண்டின் அதிகாரபூர்வமான பட்டியலில் இருந்தவை பேஸ்போலும் கிளைடர் பறத்தலும் மட்டுமே. கபடி அதில் இல்லை. கபடிக்காகப் பேசும் பிள்ளைகள் இதைத்தான் முதல் சான்றாக வைத்திருக்கிறார்கள். நாளை நானே சொல்லித் திருத்த வேண்டும். அவர்களுக்கு வேறு நல்ல சான்று இருக்கிறது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டு விழாவில் ஆடிக்காட்டப்பட்டு, 1990இல் பீஜிங்கில் கபடி முழு உரிமை பெற்றது. ஒரே நாடு வெல்கிற விளையாட்டு என்ற குறையும் 2018இல் ஜகார்த்தாவில் தீர்ந்தது. ஆண், பெண் இரு தங்கமும் ஈரானுக்குப் போயின.

இப்போது எனக்கு இரண்டு சொல் வேண்டும். அதிகாரபூர்வமாக ஆடிக்காட்டுவது ஒன்று, பேர்லின் கபடிபோல வெறுமனே காட்டுவது ஒன்று. 1968இல் மெக்சிக்கோவில் டெனிஸ் இரு வகையாகவும் தனித்தனியாக ஆடப்பட்டிருக்கிறது.

கன்னன்குடா, புதன் இரவு

அப்படியென்றால் 'காட்சி ஆட்டம்' இரண்டாவதற்குப் பொருந்தும், ரீச்சர். அந்தப் பிள்ளையின் கேள்விக்கும் இடம் கிடைத்தது.

ஒரு சொல் சொல்லி விடுகிறேன். கொம்புமுறியையும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று என் அக்கா மகன் நேற்றுச் சொன்னான். நான் சம்மதிக்கவில்லை. வடசேரி, தென்சேரி என்று ஊர் பிரிந்து, இரண்டு கொம்பையும் கொளுவி இழுத்து, ஒன்று முறியும் வரை நிற்பது கண்ணகி அம்மனுக்காக. தோற்ற சேரியைப் பாடுகிற வசையும் அம்மனுக்காகத்தான். அதற்கு நடுவர் வைத்து, எடைப் பிரிவு வைத்து, பதக்கம் கொடுத்தால் அது கயிறிழுத்தல் ஆகிவிடும். சில ஆட்டங்கள் ஊரிலேயே இருக்கட்டும்.

சம்மாந்துறை, வியாழன் காலை

அண்ணன், கொம்புமுறி பற்றி நீங்கள் சொன்னதை முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். பரீட்சார்த்தத்தை நான் விட்டுவிடுகிறேன், பிள்ளைகளுக்குப் பரீட்சைப் பயம் வேண்டாம். என் வாக்கு அடுக்குக்கு. விளங்கவில்லை என்றால் ஒரு வரி விளக்கம் போடலாம். வெள்ளோட்டத்துக்கு எத்தனை வரி போட்டாலும் தவறான பொருள் நீங்காது.

களுவாஞ்சிக்குடி, வியாழன் பிற்பகல்

கடை ஐந்து மணிக்குப் பூட்டுகிறது. தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்து எண்ணினேன்: வெள்ளோட்டத்துக்கு ஏழு, அடுக்குக்கு நான்கு, பரீட்சார்த்தத்துக்கு இரண்டு. 'வெள்ளோட்ட விளையாட்டு', 'காட்சி ஆட்டம்' என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். சம்மாந்துறைத் தம்பியின் ரோலர் ஹொக்கியையும் பெலோட்டாவையும் அதே பக்கத்தில், அதன் பிறகு சேர்க்கப்படாதவை என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். 1992க்குப் பிறகு இந்த வகையே ஒலிம்பிக்கில் இல்லை என்பதையும் எழுதினேன்.

கன்னன்குடா அண்ணன், அரங்கேறிய விளையாட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். கோபிக்க வேண்டாம்.

கன்னன்குடா, வியாழன் இரவு

கோபம் இல்லை தங்கச்சி. ஆனால் வெள்ளோட்டத்துக்குப் பிறகு தேர் திருவிழாவுக்குத்தான் போகும், அரங்கேறாது. அரங்கேற்றத்துக்கு முன் வருவது அடுக்கு. அடுத்த பதிப்பிலாவது பாருங்கள்.