கலைச்சொல் தேவை: ஃபுட்டி 'ப்ராஸ்பெக்ட்', 'ஸீலிங்' – வெள்ளிக்கு முன்

க. (மெல்பன்) – திங்கள்

அன்பின் குழுமத்தவர்க்கு வணக்கம்.

அவுஸ்திரேலிய விதிக் காற்பந்து ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்காக எட்டுப் பக்கக் கைநூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். நாட்டின் முதன்மைத் தொடரான ஏ.எஃப்.எல்.-இல் ஆடும் கழகங்கள் 2016 முதல் நடத்தும் 'அடுத்த தலைமுறை'ப் பயிற்சிக்கூடங்களில் ஆசியாவில் பிறந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கும் இடமுண்டு என்பதால், மெல்பனின் டண்டினோங் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. ஆட்டம் தெரியாத பெற்றோர் கையில் போகும் நூல் இது.

'ட்ராஃப்ட்' என்பதற்குத் 'தெரிவு' என்று போட்டுவிட்டேன். கழகங்கள் ஆண்டுதோறும் புதிய வீரர்களைப் பெயர் சொல்லி எடுக்கும் நிகழ்வு அது. சிக்கல் 'ப்ராஸ்பெக்ட்'. ஒரு பிள்ளை 16 வயதில் மாநில அணிக்கு ஆடும்போதே கழகங்களின் தேர்வாளர்கள் குறிப்பெடுக்கத் தொடங்குவார்கள். தெரிவு நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 18 வயது நிறைந்தால்தான் அந்த நவம்பர் தெரிவில் அவர் பெயர் வரலாம். பார்வையில் இருக்கிறார், இன்னும் எவரும் எடுக்கவில்லை. இந்த இடைநிலைக்கு ஒரு சொல் வேண்டும். 'நம்பிக்கை நட்சத்திரம்' என்று பத்திரிகை பாணியில் எழுதினால் பெற்றோர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது 'ஸீலிங்': இந்தப் பிள்ளை கூடிய பட்சம் எவ்வளவு தூரம் வளரக்கூடும் என்ற கணிப்பு. மூன்றாவது 'கொன்டெஸ்டட் பொசெஷன்': இரு பக்கமும் உரிமை கோரும் நிலையில் வென்றெடுத்த பந்து. மூன்றும் அட்டவணைத் தலைப்பில் வருகின்றன; இரண்டு சொல்லுக்கு மேல் இடமில்லை.

இரா. (மதுரை) – திங்கள்

க. அவர்களுக்கு,

சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது. பாட்டியல் என்னும் இலக்கண நூல்கள் ஆண்பாற் பருவங்களை வகுக்கின்றன: பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன். காளைக்கு 16, விடலைக்கு 17 முதல் 30. பதினெட்டில் தெரிவாகிறவன் துல்லியமாக விடலை. சங்கப் பாலைத்திணையில் தலைவனைச் சுட்டும் பெருமிதச் சொல் அது.

'தெரிவு' எனக்கு உவப்பில்லை. வரிசையாகப் பெயர் எடுக்கும் முறைக்கு உத்திரமேரூர் தந்த சொல் 'குடவோலை'. பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஊரை முப்பது குடும்பாகப் (வட்டமாகப்) பிரித்து, கால்வேலி நிலம், சொந்த மனை, 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயது என்று தகுதிகளைச் சல்லடையிட்ட பிறகே ஓலை குடத்தில் விழுகிறது. தெரிவுக்கு முன் தகுதி ஆய்வது என்ற உங்கள் பொருளே அங்கு முழுமையாக இருக்கிறது.

து. (சிட்னி) – செவ்வாய்

இரா. ஐயா, வணக்கம். இளையோர் உடற்தகுதிப் பயிற்சியில் இருப்பவள் என்ற முறையில் இரண்டையும் மறுக்கவேண்டியிருக்கிறது.

குடவோலையில் ஓலையை எடுக்கும் சிறுவனுக்கு எந்தப் பெயர் வரும் என்று தெரியாது; தெரியக்கூடாது என்பதே அதன் நீதி. ஏ.எஃப்.எல். தெரிவில் குலுக்கல் கிடையாது. பட்டியலின் கடைசியில் முடித்த கழகம் முதலில், வாகை சூடிய கழகம் கடைசியில் என்று தலைகீழ் வரிசையில் கழகமே பெயர் சொல்லி அழைக்கிறது. 1986இலிருந்து நடக்கிற முறை. 'ஏலம்' என்று யாராவது சொல்லுமுன் அதையும் சொல்லிவிடுகிறேன்: ஐ.பி.எல். போல இங்கே பணம் கூவுவதில்லை. பயிற்சிக்கூடப் பிள்ளையையோ, அதே கழகத்தில் 100 ஆட்டம் ஆடியவரின் பிள்ளையையோ வேறு கழகம் அழைத்தால் மட்டும், உரிய கழகம் தன் தெரிவு முறைகளுக்கு உள்ள புள்ளி மதிப்பைக் கொடுத்து, அதை ஈடுகட்டி, அவரைத் தனக்கே எடுத்துக்கொள்ளலாம். அங்கே 'கேட்பு', 'ஈடு' என்ற சொற்கள் தேவைப்படும். மொத்த நிகழ்வுக்கு 'ஏலம்' போட்டுவிட்டால் அந்தப் பக்கத்தை விளக்கவே முடியாது.

விடலையைப் பற்றி. 2016 முதல் பெண்கள் தெரிவும் நடக்கிறது. கைநூல் இரு பாலாருக்கும் உரியது. அதே பாட்டியல் கணக்கில் 14 முதல் 19 வரை 'மடந்தை'. ஆட்ட மதிப்பீட்டு அட்டவணையின் தலையில் அந்தச் சொல் நிற்க முடியாது. இன்றைய பேச்சில் 'விடலைப் பையன்' என்பதன் பொருளும் நல்லதல்ல.

செ. (சென்னை) – செவ்வாய்

> 'ட்ராஃப்ட்' என்பதற்குத் 'தெரிவு' என்று போட்டுவிட்டேன்

தமிழ்நாட்டில் 'தேர்வு' என்றுதான் எழுதுவோம். ஆனால் இங்கே தேர்வு என்றால் பரீட்சையும்தான். உடற்தகுதிச் சோதனைகள் வரும் நூலில் அது குழப்பும். ஆகவே இலங்கை வழக்கான 'தெரிவு' மேல். 'தெரிதல்' என்றாலே ஆராய்ந்து பிரித்தெடுப்பது. குறளில் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. தயங்காமல் போடுங்கள்.

ப்ராஸ்பெக்டுக்கு என் வாக்கு 'ப்ராஸ்பெக்ட்'டுக்கே. மகனின் பயிற்சியாளர் வாயில் வருவது அந்தச் சொல். அப்பா நூலில் படித்ததும் மைதானத்தில் கேட்டதும் ஒன்றே என்று அறிய வேண்டாமா? ஒரு முறை விளக்கிவிட்டு ஒலிபெயர்ப்பிலேயே தொடருங்கள்.

க. – செவ்வாய்

செ., நீங்கள் சொல்வது இலகு. ஆனால் நூலை வாசிப்பவர்களில் அம்மம்மா, அப்பப்பாவும் இருக்கிறார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் பிள்ளையை ஏற்றி இறக்குவது பல வீட்டில் அவர்கள்தான். 'ப்ராஸ்பெக்ட்' அவர்களுக்கு ஒலி மட்டுமே.

'வேட்பாளர்' பொருந்துமா? தெரிவுக்குத் தன் பெயரைத் தானே பதிய வேண்டும் என்ற விதி இருக்கிறது.

து. – செவ்வாய்

பெயர் பதிந்த பிறகு 'வேட்பாளர்' மிகச் சரி. அதை அந்த ஒரு கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் இரண்டு ஆண்டு பார்வையில் இருக்கும் 16 வயதுப் பிள்ளை எதையும் வேட்கவில்லை, பார்ப்பவர்கள் கழகத்தார்.

இரா. – புதன்

விடலையை விட்டுவிடுகிறேன். மடந்தை பற்றிய மறுப்பு நியாயமானது.

ஆனால் ஒலிபெயர்ப்புக்கு உடன்படமாட்டேன். வினைத்தொகை இருக்க அயற்சொல் எதற்கு? 'வளர்வீரர்'. வளர்ந்த, வளர்கிற, வளரும் வீரர்: காலம் கரந்த பெயரெச்சம். இப்போது பாதி வளர்ந்தவர், இனி வளரக்கூடியவர் என்ற இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. வளர்பிறை, வளர்தமிழ் என்று கேட்டுப் பழகிய அமைப்பு. எந்தப் பாட்டிக்கும் புரியும்.

அதே வாய்பாட்டில் 'ஸீலிங்'குக்கு 'எட்டுயரம்'. எட்டிய, எட்டுகிற, எட்டும் உயரம். 'உச்சவரம்பு' வேண்டாம், தமிழ்நாட்டில் அது நிலச் சட்டத்தோடு ஒட்டிப்போன சொல்.

து. – புதன்

ஐயா, 'எட்டுயரம்' அழகான சொல். அதனாலேயே அதை வேறோர் இடத்துக்கு எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

அக்டோபரில் நடக்கும் தேசியச் சோதனை முகாமில் முதலில் எடுப்பது உடல் அளவுகள்: உயரம், எடை, கைவீச்சு, உள்ளங்கை விரிவு, பிறகு நின்றபடி ஒரு கையை மேலே நீட்டினால் விரல்நுனி தொடும் உயரம். அது அப்பட்டமாக எட்டுயரம். அடுத்து நின்ற இடத்திலிருந்து ஒரு குதிப்பு. ஓடிவந்து இடக்காலில் ஒன்று, வலக்காலில் ஒன்று. தட்டினால் விலகும் தகடுகள் அடுக்கிய கம்பத்தில் கடைசியாகத் தொட்ட தகட்டின் உயரத்திலிருந்து எட்டுயரத்தைக் கழித்தால் வருவதுதான் குதிப்பளவு. தோளை முழுதாக நீட்டாமல் சோம்பலாக நின்று எட்டுயரம் கொடுத்தால் குதிப்பளவு 4, 5 செ.மீ. பொய்யாகக் கூடும். ஊர்ச் சோதனைகளில் அடிக்கடி நடக்கும் பிழை இது. கைநூலில் இதற்கு ஒரு சொல் கட்டாயம் வேண்டும். ஒரே சொல் ஒரு பக்கத்தில் அளந்த எண்ணையும் மறுபக்கத்தில் கணித்த எதிர்காலத்தையும் குறிக்கக் கூடாது.

இந்தத் துறையில் பெற்றோர் ஏமாறுவதே அங்குதான். 20 மீட்டரை 3 வினாடிக்குள் ஓடினார் என்பது அளவு. அதிலும் ஒளிக்கதிர் வாயிலில் எடுத்த நேரமா, கைக்கடிகாரத்தில் எடுத்ததா என்று கேட்கவேண்டும். கைநேரம் எப்போதும் வேகமாகவே காட்டும். 2 கி.மீ. ஓட்டத்தை 6 நிமிடத்தை ஒட்டி முடித்தார் என்பதும் அளவு. முதல் சுற்றிலேயே விரட்டி, நான்காம் சுற்றில் கால் செத்துப்போகிற பிள்ளைக்கு நுரையீரலில் குறையில்லை, வேகம் பங்கிடத் தெரியவில்லை என்று படிக்கத் தெரிந்தவர் படிப்பார். ஆனால் 'இவர் எவ்வளவு வளர்வார்' என்பதை எந்தக் கம்பமும் வாயிலும் சொல்லாது.

அதைக் கணிக்கத் தேர்வாளர்கள் பார்ப்பது வேறு. பிறந்த மாதம் முதலில்: ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே தெரிவில் நிற்கிறார்கள், இடையில் கிட்டத்தட்ட ஓராண்டு. வளர்ச்சிப் பாய்ச்சல் முடிந்துவிட்டதா என்பதை உட்கார்ந்த உயரம், நின்ற உயரம், எடை, வயது கொண்டு மதிப்பிடலாம். பெற்றோரின் உயரமும் கேட்பார்கள். பதினைந்தில் மீசை முளைத்து எல்லாரையும் தோளால் இடித்துத் தள்ளிப் பந்தெடுக்கும் பிள்ளைக்கு, மற்றவர்களும் அந்த எடைக்கு வந்ததும் என்ன மிஞ்சும்? பழக்கமில்லாத காலால் உதைக்கிறாரா? நெரிசலில் பந்து வருமுன் தலை திருப்பிப் பார்க்கிறாரா? தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் வளர்ந்தவர்களோடு மூத்தோர் லீக்கில் ஆடிய ஆட்டம் இருந்தால், 18 வயதுக்குட்பட்டோர் போட்டியில் எடுத்த 30 பந்தைவிட அதற்கு எடை அதிகம்.

செ. – புதன்

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று முதல் பக்கத்தில் போட்டிருப்பதாக க. அனுப்பிய வரைவில் பார்த்தேன். எடுத்துவிடுங்கள். ஜேம்ஸ் ஹேர்டை 1990 தெரிவில் 79ஆவதாக அழைத்தார்கள். 1996இல், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டார். டேன் ஸ்வான் 2001இல் 58, பதக்கம் 2011. லாக்கி நீல் 2011இல் அதே 58. பதக்கம் 2020, 2023. நெட்டையானவர்களுக்கும் தாமதம்தான்: 2009இல் 34ஆவதாக எடுத்த மாக்ஸ் கான் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட அகில ஆஸ்திரேலிய அணிக்குள் வந்தது 2016இல். முளையில் தெரியாமல் விளைந்தவர்கள் இத்தனை பேர்.

இதே காரணத்தால் 'வளர்வீரர்' பற்றியும் தயக்கம். அது வளர்ச்சியை உறுதி சொல்கிறது. வளர்பிறை கட்டாயம் முழுநிலவாகும். தெரிவில் பெயர் வராமல் போகும் பிள்ளைகளே மிகப் பலர்.

இரா. – புதன்

வினைத்தொகை உறுதி சொல்லாது. எதிர்காலத்தை விலக்காமல் வைத்திருக்கும், அவ்வளவே. 'சுடுசோறு' ஆறிப்போவதும் உண்டு. இலக்கணத்தின் மேல் இல்லாத பொருளை ஏற்றாதீர்கள்.

க. – வியாழன்

'கொன்டெஸ்டட் பொசெஷன்' இன்னும் நிற்கிறது. 'போட்டிப் பந்து' என்று எழுதிப் பார்த்தேன். அது ஆட்டத்துக்கு எடுக்கும் ஷெரின் பந்து என்ற பொருளில் வாசிக்கப்படுகிறது. 'மோதிப் பெற்ற பந்து' சரிவருமா, து. அக்கா?

து. – வியாழன்

வராது. மோதலே இல்லாமல் தரையில் கிடக்கும் உதிரிப் பந்தை எதிராளியை முந்திக் குனிந்து எடுத்தாலும் அதே கணக்கில் சேரும். நெரிசலில் கிடைத்த ஃப்ரீ கிக்கும் சேரும். எதிராளியோடு சேர்ந்து எழும்பிப் பிடித்த 'மார்க்'கும் சேரும். பொதுத்தன்மை இதுதான்: அந்தக் கணத்தில் பந்து எவருடையதும் அல்ல, இரு பக்கமும் அதற்கு உரிமை கோருகின்றன. தனியாக நின்று, கூட்டாளி கையால் குத்திக் கொடுக்கும் பந்தை வாங்கினால் சேராது. ஒரு நடுக்கள ஆட்டக்காரர் எடுத்த 30 பந்தில் எத்தனை இப்படித் தானே வென்றது, எத்தனை பிறர் வென்று கொடுத்தது என்று பிரிப்பதற்கே இந்தக் கணக்கு.

க. – வியாழன்

அப்படியானால் 'பிணக்குப் பந்து'. இலங்கையில் தொழிற் பிணக்கு, காணிப் பிணக்கு என்று நாளாந்தம் புழங்கும் சொல்.

செ. – வியாழன்

எங்கள் பக்கம் பிணக்கு என்றால் கணவன் மனைவி முகம் திருப்பிக்கொள்வது. தமிழ்நாட்டு வாசகர் தடுமாறுவார்.

இரா. – வியாழன்

தடுமாறட்டும், வேரைப் பார்த்தால் தெளிவார். பிண் என்னும் அடி பின்னுதலைக் குறிக்கும். பிணை, பிணையல், பிணங்கு எல்லாம் அதன் கிளை. பிணங்குதல் முதலில் உடல்கள் ஒன்றோடொன்று சிக்குவது, பின்னரே கருத்து மாறுபடுவது, அதற்கும் பின்னரே ஊடல். பந்தின் மேல் நான்கு பேர் பின்னிக் கிடக்கும் காட்சிக்கு இதைவிட நெருங்கிய சொல்லை நான் அறியேன்.  

மட்டுறுத்துநர் – வியாழன் இரவு

நேரம் இல்லாததால் இதுவரை வந்த நிலை:

'தெரிவு' – எதிர்ப்பு ஒன்று (இரா., குடவோலை). 'வேட்பாளர்' – பெயர் பதிந்தவருக்கு மட்டும், உடன்பாடு. 'எட்டுயரம்' – நின்று எட்டும் உயரம், உடன்பாடு. 'பிணக்குப் பந்து' – மூவர் ஆதரவு, செ. மறுப்பு. ப்ராஸ்பெக்டுக்குத் தனிமடலில் வந்த வாக்குகளையும் சேர்த்து 'தெரிவுநோக்கு வீரர்' முன்னிற்கிறது. எவருக்கும் அது மிகப் பிடித்ததாகத் தெரியவில்லை. 'ஸீலிங்'குக்கு 'வளர்வரம்பு' என்று ஒரு பரிந்துரை.

இரா. – வெள்ளி காலை

'தெரிவுநோக்கு வீரர்' என்பதில் நோக்குவது யார்? வீரர் தெரிவை நோக்குகிறாரா, தெரிவாளர் வீரரை நோக்குகிறாரா? மூன்று உறுப்புள்ள தொகையை ஆறு எழுத்தில் முடியும் வளர்வீரருக்கு மாற்றாக ஏற்க மாட்டேன். பதிவில் என் மறுப்பு இருக்கட்டும்.

து. – வெள்ளி காலை

இரா. ஐயாவின் கேள்வி சரியானது. ஆனால் என் பெரிய கவலை 'வளர்வரம்பு'. அட்டவணையில் அதற்கு நேரே ஓர் எண்ணோ A, B என்ற தரமோ வந்தால், பெற்றோர் அதையும் குதிப்பளவைப் போல அளந்த ஒன்றாகவே எடுப்பார்கள். க., அந்த வரியை அட்டவணையிலிருந்து எடுத்து, கீழே முழு வாக்கியமாக எழுதுங்கள்: "எவ்வளவு வளரக்கூடும் என்பது தேர்வாளரின் கணிப்பு, சோதனை முடிவு அல்ல." இரண்டு சொல்லில் அடங்காது என்பது தெரியும்.

க. – வெள்ளி மதியம்

எடுத்துவிட்டேன். ஆறாம் பக்கத்தில் அந்த வாக்கியம் தனிப்பெட்டியாகப் போகிறது. அட்டவணைத் தலையில் 'தெரிவுநோக்கு வீரர்', முதல் பக்க விளக்கத்தில் ஒரு முறை 'வளர்வீரர்' என்றும் சேர்த்திருக்கிறேன். பழமொழி இல்லை. பெண்கள் பக்கத்தில் 'வீரர்' என்று விடுவதா, 'வீராங்கனை' என்று மாற்றுவதா? அச்சகம் நாலு மணிக்கு மூடுகிறது.